பெயரை விடுங்கள், நெக்கைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவோருக்கு வழிகாட்டும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். பெயர் பெற்ற நிறுவனத்தின் கிட்டாரை வாங்க வசதியில்லாதவர்கள், வசதி வரும்வரை பொறுத்திருப்பதே நல்லது என்று அதில் ஒரு வாக்கியம் வருகிறது. போகிற போக்கில் எழுதியதாகவே இருக்கலாம். ஆனால் எனக்கு அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

கிட்டார் கற்றுக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. என் மாணவர்கள் உங்கள் இதழில் வருவதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர்கள். அந்த இதழ் வந்த வாரம் ஒரு பெண் கிட்டார் உறையின் ஜிப்பைத் திறக்காமலே வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்று கேட்டேன். "இது யாருக்கும் தெரியாத கம்பெனி மாஸ்டர். வேற வாங்கினப்புறம் வரட்டுமா?" என்றாள். நான்தான் உறையைத் திறந்தேன். நெக்கை, அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதியை, ஒரு கண்ணால் நீளவாட்டில் பார்த்தேன், முறுக்கல் இல்லை. ஒவ்வொரு கம்பியையும், நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகள் எல்லாவற்றிலும் அழுத்தி மீட்டினேன், எங்கும் கரகரப்பு இல்லை. மேல் ஃப்ரெட்டுகளில் கம்பியை இழுத்து வளைத்தபோதும் ஒலி அமுங்கவில்லை. ஒரே ஒரு குறை இருந்தது. ஜி கம்பியின் ட்யூனிங் கீயைத் திருப்பினால் சுருதி கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, பிறகு 'டிங்' என்ற சத்தத்தோடு தாவியது. நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டுதான் நட். அதில் உள்ள பள்ளம் கம்பியைக் கவ்விப் பிடிக்கிறது என்று அர்த்தம். கம்பியைத் தளர்த்தி, பள்ளத்தில் பென்சில் முனையை நாலு தடவை தேய்த்துவிட்டேன். சரியாகிவிட்டது. இந்தக் கிட்டாரோடு வகுப்புக்கு வரக் கூடாது என்று அந்தப் பெண்ணை நினைக்க வைத்தது உங்கள் இதழின் ஒரு வாக்கியம். அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு மாணவனின் கதை நேர் எதிர். வீட்டில் சிரமப்பட்டு உலகமே அறிந்த பெயருள்ள கிட்டாரை வாங்கிக்கொடுத்திருந்தார்கள். அதில் எஃப் கார்டு, அதாவது முதல் ஃப்ரெட்டில் பிடிக்கும் ஒரு ஸ்வரக் கூட்டு, பிடித்தால் அபஸ்வரமாகவே கேட்கும். நட்டின் பள்ளங்களைப் போதிய ஆழத்துக்கு வெட்டாமல் விட்டிருந்தார்கள். கம்பி உயரமாக நின்றால் முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது தேவைக்கு மேல் இழுபடும், சுருதி ஏறிவிடும். அந்தப் பையனுக்கோ கிட்டாரில் குறை இருக்கலாம் என்றே தோன்றவில்லை. பெயரின் மேல் அவ்வளவு பக்தி. தன் விரல்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தான். பல மாதம் அப்படியே நொந்துபோயிருந்தான். இந்த மாதிரிப் பிள்ளைகளை நீங்கள் பார்ப்பதில்லை, நான் பார்க்கிறேன்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒலி எப்படிப் பிறக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியதுதான் பிக்கப். அதன்மேல் எஃகுக் கம்பி அதிரும்போது மின்னோட்டம் எழுகிறது, ஆம்ப் அதைப் பெரிதாக்குகிறது. இந்த வேலையில் நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் ஒட்டியிருக்கும் பெயருக்குப் பங்கே இல்லை. பங்கு உள்ள விஷயங்களைக் கட்டுரை ஏன் தொடவில்லை? ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் நட்டிலிருந்து, மறுமுனையில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் வரை கம்பி நீளம் 25.5 அங்குலம், கிப்சனின் லெஸ் பாலுக்கு ஏறக்குறைய 24.75 அங்குலம். ஒரே தடிமனுள்ள கம்பி, ஒரே சுருதி என்றால் நீளம் குறைந்ததில் கம்பி தளர்வாக இருக்கும், ஃப்ரெட்டுகளும் சற்று நெருங்கியிருக்கும். சின்னக் கை உள்ளவருக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான். ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் பளிச்சென்று ஒலிக்கும், ஆனால் மின்சார இரைச்சலையும் உள்ளே இழுக்கும். அந்த இரைச்சலை அடக்கத்தான் இரட்டைச் சுருள் உள்ள ஹம்பக்கர் வந்தது. எந்த மாதிரி இசை வாசிக்க ஆசை என்று வாங்குகிறவரைக் கேட்டுவிட்டு இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். நெக்கின் வளைவைச் சீராக்கும் ட்ரஸ் ராட், கம்பி நிற்கும் உயரத்தைச் சொல்லும் ஆக்‌ஷன், எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பதைச் சொல்லும் இன்டோனேஷன், இவற்றைச் சரிசெய்யும் செட்டப் பற்றி ஒரு வரிகூடக் காணோம். கையில் உள்ள பணம் முழுவதையும் பெயருக்குக் கொடுத்துவிட்டு உப்புச் சப்பில்லாத ஆம்பில் செருகி வாசிக்கிறவர்களை எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன்.

பெயர் என்று சொல்கிறீர்களே, எந்தக் காலத்துப் பெயர்? ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிப்பவர்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டுத்தான் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டுவந்தார். 1965இல் அவருடைய நிறுவனம் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் கைக்குப் போனது. சேகரிப்பாளர்கள் இன்றும் அந்த ஆண்டுக்கு முந்தையதா பிந்தையதா என்று கேட்டுத்தான் விலை பேசுகிறார்கள். பெயரே எல்லாம் என்றால் ஆண்டை எதற்குக் கேட்க வேண்டும்? லியோவோ பின்னாளில் ஜி அண்ட் எல் என்ற நிறுவனத்தில் கிட்டார் செய்தார். அவர் பெயர் ஓரிடத்தில், அவர் கை வேறிடத்தில்.

தொழிற்சாலைகளை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும். ஐபனீஸ் கிட்டார்களைச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபூஜிஜென்தான் 1982 முதல் ஃபெண்டருக்கும் அதன் மலிவு வரிசையான ஸ்க்வயருக்கும் அங்கே செய்துகொடுத்தது. கொரியாவின் கோர்ட் நிறுவனம் தன் பெயரிலும் செய்கிறது, பெரிய பெயர்கள் பலவற்றுக்கும் செய்துகொடுக்கிறது. எபிஃபோன் 1957லிருந்து கிப்சனுக்குச் சொந்தம். ஒரே கூரையின் கீழ் வெவ்வேறு பெயரில் கிட்டார்கள் வெளியே வரும்போது, பெயர் தெரியாதது என்று ஒன்றை எப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியும்?

பிரையன் மேயின் கிட்டாருக்கு எந்த நிறுவனத்தின் பெயரும் கிடையாது. 1963இல் அப்பாவும் மகனும் வீட்டில் செய்யத் தொடங்கியது அது. பழைய கணப்படுப்பின் மரச்சட்டம் நெக் ஆனது, பழைய மோட்டார் சைக்கிளின் ஸ்பிரிங்குகள் சுருதியை அசைக்கும் ட்ரெமலோவுக்குள் போயின. குவீன் இசைக்குழுவில் அவர் காலமெல்லாம் பெரும்பாலும் வாசித்தது அதைத்தான். ராக் கலைஞர் ஜாக் வைட் கையில் பிரபலமான ஏர்லைன், ஒரு காலத்தில் தபால்வழி விற்பனை நிறுவனம் விற்ற மலிவுக் கிட்டார். உடல் மரம்கூட இல்லை, கண்ணாடியிழை. இவர்கள் யாரும் வசதி வரும்வரை பொறுத்திருக்கவில்லை.

பெயரால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. திரும்ப விற்கும்போது நல்ல விலை கிடைக்கும், உதிரி பாகம் தேடி அலைய வேண்டாம். அதை அப்படியே எழுதுங்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் இதழில் இது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. கலைஞர்களைப் பேட்டி காணும்போது உங்கள் நிருபர்களின் முதல் கேள்வியே என்ன பிராண்ட் என்பதாகத்தான் இருக்கிறது. 0.009 அங்குலத் தடிமன் கம்பியா, 0.010ஆ, கம்பியை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவரிடமாவது கேட்டதுண்டா? படங்களிலும் ஹெட்ஸ்டாக்கின் எழுத்துகள்தான் பெரிதாக வருகின்றன. பிரிட்ஜ், நட், ஃப்ரெட் எதுவும் பக்கத்துக்குள் அடங்குவதில்லை. முன்பு செட்டப்பின் அவசியம் பற்றி உங்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். நட் பற்றிய பத்தியை முழுவதுமாக வெட்டிவிட்டு, இதழைப் பாராட்டி எழுதியிருந்த முதல் இரண்டு வரியை மட்டும் வெளியிட்டீர்கள். பாராட்டு உண்மையானதுதான், இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் மாணவர்களுக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய பகுதி அது அல்லவே ஐயா. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை, மறுப்பும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு சிறிய பெட்டிச் செய்தி போதும். கிட்டார் வாங்குமுன் நெக்கை நீளவாட்டில் பாருங்கள், எல்லா ஃப்ரெட்டிலும் வாசித்துப் பாருங்கள், முதல் ஃப்ரெட்டில் சுருதி ஏறுகிறதா என்று கேளுங்கள், செட்டப்புக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள் என்று நாலு வரி, பக்கத்தில் நட்டின் படம் ஒன்று. இடம் போதாதென்றால் இந்தக் கடிதத்தின் முதல் வரிகளை வெட்டிக்கொள்ளுங்கள். நட் பற்றிய பகுதியை மட்டும் இந்த முறை விட்டுவைக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
கிட்டார் ஆசிரியர் ஒருவர்