வம்பாகீரப்பாளையம் கடலில் மிதவைக் கயிறு கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் தையல் வேலை செய்கிறேன். வயது 56. முட்டிவலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஆறு வருஷமாக வம்பாகீரப்பாளையம் கரையில் இறங்கி நீந்துகிறேன். சின்ன வயதில் பாகூர்ப் பக்கம் கிணற்றில் பழகிய நீச்சல்தான். கடலைச் சொல்லிக்கொடுத்தவர் அந்தக் கரையில் வலை பழுதுபார்க்கும் ஒரு அண்ணன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை வெளியூர்ப் பையன்கள் நாலு பேர் வந்தார்கள். அலை உடையாத இடமாகப் பார்த்து, துறைமுக முகத்துவாரத்துக் கற்களை ஒட்டி இறங்கினார்கள். அந்த இடத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரைத்து உடையும், நடுவில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாகச் சும்மா கிடக்கும். ஆனால் கரையேறிய தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகும் வழியே அதுதான். நான் கத்தியது காற்றில் கேட்கவில்லை. ஒரு பையனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவன் கரையையே பார்த்துக் கை அடித்தான், அடிக்க அடிக்கத் தள்ளித்தான் போனான். நல்லவேளை, மீன் பிடித்துத் திரும்பிய ஃபைபர் படகுக்காரர்கள் பார்த்துத் தூக்கிப் போட்டார்கள். கரைக்கு வந்தும் அவன் கை படகு விளிம்பை விடவில்லை.

இழுத்தால் கரையைப் பார்த்து நீந்தாதே, கல்லை விட்டு விலகி வடக்கே பக்கவாட்டில் போ, இழுப்பு விட்டதும் அலையோடு திரும்பு. அண்ணன் எனக்குச் சொன்ன முதல் பாடம் இது. 'கடலில் குளிக்கக் கூடாது' என்று பலகை வைத்தால் மட்டும் போதுமா? மணலைத் தேடி வருகிறவர்கள் இறங்கத்தான் செய்வார்கள். 1980களில் துறைமுகத்துக்குக் கல் கொட்டிய பிறகு தெற்கேயிருந்து வரும் மணல் தடைபட்டு, பீச் ரோடு முழுக்கக் கருங்கல் ஆனது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் தடுப்பு போட்ட பிறகுதான் அங்கே கொஞ்சம் மணல் திரும்பியது. கால் நனைக்க இடம் இவ்வளவு குறைந்திருக்கும்போது, இருக்கிற இடத்தையாவது பத்திரமாக்க வேண்டாமா?

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. கற்களிலிருந்து நன்றாகத் தள்ளி, வடக்கே ஒரு துண்டுக் கடலுக்கு மட்டும் மிதவைக் கயிறு கட்டி, இதற்குள் நீந்தலாம், படகு வராது என்று ஆக்குங்கள். எங்கே கட்டுவது என்பதை மீனவப் பஞ்சாயத்தைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். படகு போகும் வழி அவர்களுடையது, அதை நாம் மறிக்கக் கூடாது. ஒருமுறை பத்தடி தூரத்தில் ஒரு ஃபைபர் படகு என்னைத் தாண்டிப் போனது. தண்ணீருக்கு மேலே தெரியும் கறுத்த தலை ஓட்டுகிறவர் கண்ணுக்கு எப்படிப் படும்? அன்றிலிருந்து ஐந்து லிட்டர் எண்ணெய் கேனுக்கு ஆரஞ்சு பெயின்ட் அடித்து, நைலான் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன்.

அப்புறம், காலையும் மாலையும் கரையில் ஆள் வேண்டும். அடி மணல் நகர நகர இழுப்பும் இடம் மாறும், பலகைக்கு அது தெரியாது. அந்தக் குப்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்து நிறுத்துங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, பள்ளி விடுமுறைக் கூட்டமும் அப்போதுதான் வரும். அதற்குள் மிதவை கட்டிவிட வேண்டும். அதிகாரிகள் இடம் பார்க்க வந்தால் அண்ணனும் நானும் கூட வந்து காட்டுகிறோம். காலை ஆறு மணிக்கு அங்கேதான் இருப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி