உறைந்துபோன எக்ஸ்டியிடம் வாக்குமூலம் வாங்குவது

அன்புள்ள ராமநாதா,

பதில் தாமதம்தான், திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் நலம். சோடாபுட்டியைப் பார்த்தால் என் கால்குலேட்டர் பத்திரமா என்று கேள். இனி உன் ஐபிஎம் எக்ஸ்டி கம்ப்யூட்டர் உறைந்துபோன கதை.

டைமர் இன்டரப்டை (கடிகாரச் சிப் பிராசஸரை அடிக்கடி கூப்பிடும் அழைப்பை) பிடிக்கும் புரோகிராமுக்குள் பிரேக்பாயிண்ட் (நிறுத்துமிடம்) வைத்தாய், பிழைதேடும் புரோகிராமான டீபக் வந்து நின்றது, கீபோர்டு செத்தது. அதற்காகப் புதுக் கீபோர்டு வாங்கப் போகிறாயா? காசை வை உள்ளே! இன்டரப்ட் கேட்போரின் முன்னுரிமை வரிசையில் (ஐஆர்க்யூ) டைமர் 0, கீபோர்டு 1. டைமருக்கான இஓஐ ('இன்டரப்ட் முடிந்தது' என்ற கட்டளை) போய்ச் சேரும்வரை, இந்த வரிசையைக் கவனிக்கும் 8259 சிப் கீழே இருக்கிற யாரையும் உள்ளே விடாது. நீ நிறுத்தியது இஓஐக்கு முன்னால்.

சீரியல் போர்ட்டில் ஒரு டெர்மினலை மாட்டினால் இந்தச் சிக்கல் இல்லை. பயாஸில் (மெஷினின் ரோமில் உள்ள அடிப்படைப் புரோகிராமில்) இன்ட் 14 என்ற சீரியல் ரொட்டீன், சிப்பின் இன்டரப்டை நம்பாமல், போர்ட்டைத் தானே திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கும். 25 பின் கேபிளில் 2-ஐயும் 3-ஐயும் மாற்றிக் கட்டு, 7 நேராகப் போகட்டும். இரு முனைகளிலும் 4-5 ஒன்றாக, 6-8-20 ஒன்றாக. இந்த இணைப்பை விட்டுவிட்டுப் பாட் ரேட்டை (அனுப்பும் வேகத்தை) குறை சொல்பவர்கள்தான் அதிகம். எதிர்முனை தயார் என்று சொல்லும் டிஎஸ்ஆர், சிடிஎஸ் சிக்னல்கள் வராமல் பயாஸ் ஒரு எழுத்தும் அனுப்பாது. பிறகு 'மோட் காம்1:9600,என்,8,1' என்று வேகத்தை வை, அடுத்து 'சிடிடிஒய் காம்1' என்று கீபோர்டு, திரை வேலையை டெர்மினலுக்கு மாற்று.

ஆனால் டீபக் பேசுவதெல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டமான டாஸ் வழியாக. டாஸ் பாதி வேலையில் இருக்கும்போது டிக் (டைமர் இன்டரப்ட்) அடித்தால் மறுபடி மறுபடி உறையும். உன் கேஸுக்கு, டாஸிடம் எதுவுமே கேட்காத வழி வேண்டும்.

அந்த மோனோகுரோம் டிஸ்ப்ளே கார்டைத் தூசி தட்டி எடு. ஐபிஎம் அதையும் சிஜிஏ கலர் கார்டையும் ஒரே மெஷினில் இருக்கும்படிதான் வைத்தது: மோனோவின் மெமரி பி000 செக்மெண்டில், சிஜிஏவினது பி800-இல். மதர்போர்டு சுவிட்ச் 5, 6 இரண்டையும் ஆஃபில் வைத்துத் தொடங்கு, பிறகு 'மோட் சிஓ80' கொடுத்துக் கலருக்கு மாறு. மோனோ திரை முழுவதும் உனக்கு, டாஸைக் கேட்காமல் அதன் மெமரியில் நேராக எழுதலாம். இஎஸ் ரிஜிஸ்டரில் பி000 போட்டு, ஆஃப்செட் 0-இல் உள்ள பைட்டை ஒவ்வொரு டிக்கிலும் ஒன்று கூட்டு (முதலில் இஎஸ், ஏஎக்ஸ் ரிஜிஸ்டர்களை ஸ்டாக்கில் புஷ் செய்து காப்பாற்ற மறக்காதே). மூலையில் எழுத்து நொடிக்குப் பதினெட்டு முறை துடித்தால் டைமர் இன்டரப்டைக் கவனிக்கும் உன் ஹேண்ட்லர் உயிரோடு இருக்கிறது. இரட்டை ஆஃப்செட் எழுத்து, ஒற்றை ஆஃப்செட் அதன் தோற்றப் பண்பு, சாதாரணத் தோற்றத்துக்கு 07. கார்டு ஹெர்குலிஸ் (கிராபிக்ஸும் வரும் மோனோ கார்டு) என்றால் ஹாஃப் மோடில் வை, ஃபுல்லில் அது பி800-ஐயும் பிடித்துக்கொள்ளும். மானிட்டர் கேபிள் இரண்டும் 9 பின் என்பதால் மாற்றிச் செருகாதே. ஸ்கேன் வேகம் வேறு, மோனோ மானிட்டர் புகைந்துவிடலாம்.

இனிமேல்தான் விஷயமே. ஒரு பட்டன்! சிஎல்ஐ (இன்டரப்டுகளைத் தடுக்கும் கட்டளை) போட்டு முடிவில்லா லூப்பில் சுற்றும் 8088 பிராசஸரையும் என்எம்ஐ (தடுக்க முடியாத இன்டரப்ட்) எழுப்பும். ஸ்லாட்டில் பின்பலகைப் பக்கத்து முதல் பின் ஏ1, ஐஓ செக்: கார்டுகள் பிழையைச் சொல்லி என்எம்ஐ எழுப்பும் கோடு. நேர் எதிரே பி1, கிரவுண்ட். காலி புரோட்டோடைப் போர்டில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு புஷ் பட்டனும் 100 ஓம் ரெசிஸ்டரும். ஸ்க்ரூடிரைவரை நுழைக்கிற உன் பழைய வித்தை வேண்டாம், பி3-இல் 5 வோல்ட் இருக்கிறது.

சும்மா அழுத்தினால் பயாஸ் 'பாரிட்டி செக் 2' என்று சொல்லி நின்றுவிடும். ஆகவே 0000:0008-இல் உள்ள என்எம்ஐ வெக்டரை (எங்கே போக வேண்டும் என்ற முகவரியை) முதலில் உன் ரொட்டீனுக்குத் திருப்பு. அதன் பிறகு என்எம்ஐக்கு வழிவிட, போர்ட் 61-இல் 5-ஆம் பிட்டை 0 ஆக்கு, போர்ட் ஏ0-இல் 80 எழுது (எல்லாம் ஹெக்ஸ்). ரொட்டீன் உள்ளே வந்ததும் ஏ0-இல் 00 எழுதி என்எம்ஐயின் வாயை அடைக்க வேண்டும். பட்டன் துள்ளும், ஒரு அழுத்தல் பல என்எம்ஐ ஆகிவிடும். பிபி ரிஜிஸ்டரை புஷ் செய்து அதில் எஸ்பியை (ஸ்டாக்கின் உச்சியை) போட்டால் பிபி+2-இல் ஐபி, பிபி+4-இல் சிஎஸ். அவற்றை ஹெக்ஸாக மோனோ திரையில் எழுது. உறைந்த இடம் அதுதான்.

புரோகிராம் தறிகெட்டு ஓடி அந்த வெக்டரையே அழித்திருந்தால் பட்டனும் பயன்படாது. பெரிஸ்கோப் மாதிரிப் பிழைதேடும் கார்டுகளில் இதே பட்டனோடு, டீபக்கருக்கென்று மற்ற புரோகிராம் எழுத முடியாதபடி தடுத்த மெமரியும் உண்டு. அவ்வளவு தூரம் இப்போது வேண்டாம்.

திரையில் வந்த சிஎஸ், ஐபி இரண்டையும் லிஸ்டிங்கோடு (முகவரிகளோடு அச்சான உன் புரோகிராம்) அனுப்பு. லிஸ்டிங் இல்லாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் பதில் வராது.

உன்,
சேது