பஞ்சர் ஒட்டச் சொல்லித்தந்த அத்தைக்கு

அன்புள்ள அத்தைக்கு,

சைக்கிளில் ஸ்ரீநகர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தேன். எல்லோரும் என்னென்னவோ கேட்டார்கள். நீங்கள் மட்டும் "எத்தனை பஞ்சர்?" என்றீர்கள். பதினொன்று என்றேன். "எல்லாம் நீயே ஒட்டினியா?" ஆமாம் என்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. அதனால் மீதியை எழுதுகிறேன்.

செப்டம்பர் நடுவில் கன்னியாகுமரியில் கிளம்பி 43 நாள். மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜம்மு என்று பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலை 44தான். சுமார் 3,700 கிலோமீட்டர். பனிஹால் சுரங்கப்பாதையை மட்டும் சைக்கிளை லாரியில் ஏற்றிக் கடந்தேன். அதை மறைக்க எனக்கு மனமில்லை.

முதல் நாளே காவல்கிணறு பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பிடித்துக்கொண்டது. இடப்பக்கமிருந்து அடித்து, சைக்கிளை லாரிகள் பக்கம் தள்ளியது. திரும்பிவிடலாமா என்று நினைத்தது அன்று ஒருநாள்தான்.

ஆந்திராவில் குத்தி (Gooty) என்ற ஊரைத் தாண்டி கர்னூல் போகும் வழியில் நான்காவது பஞ்சர். நெடுஞ்சாலை ஓரமெல்லாம் வெடித்த லாரி டயர்கள் கிடக்கும். அவற்றுக்குள் இருக்கும் எஃகுக் கம்பி மயிரிழை மாதிரி உதிர்ந்து தாரோடு தாராகப் படுத்திருக்கும். ஆணி என்றால் கண்ணில் படும், இது படாது. டயருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. டியூபை முக்கிப் பார்க்கச் சட்டி கிடையாது. பாட்டிலில் இருந்த தண்ணீர் குடிக்கவே காணாது. அப்போதுதான் நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து செய்து காட்டியது ஞாபகம் வந்தது. டியூபில் காற்றடித்து உதட்டருகே பிடித்து மெல்லச் சுற்றினேன். மேலுதட்டில் ஊசிமுனை அளவுக்குச் சில்லென்று பட்டது. வால்விலிருந்து அந்த இடத்தை அளந்து, டயரில் அதே அளவில் பார்த்தால் கம்பியின் நுனி. புருவம் திருத்தும் சாமணத்தால் இழுத்து எடுத்தேன். உப்புத்தாள், சொல்யூஷன், அப்புறம் நீங்கள் சொல்லும் அந்தப் பொறுமை: "காயுறதுக்குள்ள ஒட்டினா அடுத்த ஊர்ல அழுவ." காய விட்டேன். அந்த ஒட்டு ஸ்ரீநகர்வரை விடவில்லை.

வழியெல்லாம் ஒரே கேள்வி. தெலுங்கில் கேட்டார்கள், இந்தியில் "அகேலி?" என்றார்கள், லூதியானா குருத்வாராவில் ரொட்டி பரிமாறிய பாட்டி பஞ்சாபியில் கேட்டார். தனியாகவா? ஒவ்வொரு முறையும் எனக்கு 1992தான் ஞாபகம் வந்தது. எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தில் நீங்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட காலம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், தாத்தாவின் பார் வைத்த சைக்கிளில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினீர்கள். அந்த மார்ச் 8ஆம் தேதி புதுக்கோட்டை டவுனுக்குள் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் வந்தார்களே, அதில் நீங்களும் ஒருத்தி. மத்தியப் பிரதேசத்தில் லக்னாதோன் தாண்டி ஒரு பள்ளிக்கூடப் பெண், துப்பட்டா செயினில் சிக்காதபடி இடுப்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, என்னை முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். உங்களை அந்த வயதில் நான் பார்த்ததில்லை. பார்த்துவிட்டேன் என்று தோன்றியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சம்பல் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால், பொழுது சாயும் நேரத்தில், பைக்கில் இரண்டு பேர் அரைமணி நேரம் பின்னாலேயே வந்தார்கள். நான் நின்றால் அவர்களும் நின்றார்கள். பெட்ரோல் பங்க் ஒன்றுக்குள் நுழைந்து, அவர்கள் போகும்வரை விளக்கடியில் நின்றேன். கை நடுங்கியதில் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. அன்றிரவு அப்பா போன் செய்தபோது "ரோடு நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

குடுமியான்மலை ரோட்டில் உங்கள் பின்னால் வந்தவர்களைப் பற்றி நீங்கள் தாத்தாவிடம் மூச்சே விடவில்லை என்று ஒருமுறை சொன்னீர்கள். ஏன் அத்தை என்றதற்கு, "சொன்னா அவனுங்களையா பிடிப்பாங்க? சைக்கிளைத்தான் பிடுங்குவாங்க" என்றீர்கள். முப்பது வருஷம் கழித்து நானும் அதே காரணத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். இந்த முழுப் பயணத்திலும் எனக்கு ஆறாமல் இருப்பது இதுதான். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். அப்பாவும் படிக்கட்டும்.

பட்னிடாப் ஏற்றத்தைப் பற்றி நேரில் சொல்கிறேன், அது ஒரு பெரிய கதை. கடைசி நாள் பாம்பூரில் குங்குமப்பூ வயல்கள் பூத்திருந்தன. தரையோடு தரையாக ஊதா நிறம். பெண்கள் குனிந்து பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறேன். பழைய டியூபையும் எடுத்து வருகிறேன். ஒட்டுகளை நீங்களே தடவி எண்ணிப் பாருங்கள். ஏழாவது கொஞ்சம் கோணல், மழையில் ஒட்டியது.

உங்கள் அண்ணன் மகள்