குமரிக் கடலோரப் பிறப்புகளுக்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியருக்கு,

பிறவிக் குறைபாடுகளை இங்கிலாந்து தேசியப் பதிவேட்டின் வழியே கண்காணிப்பது பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். ஸ்கேன் அறை, பிரசவ வார்டு, மரபணு ஆய்வகம் எனப் பல இடத்துத் தகவலும் அங்கே ஒன்றுசேர்கிறது. இறந்து பிறந்த குழந்தையும் கணக்கில் வருகிறது. தோரியம் கலந்த மோனசைட் கனிம மணலின் இயற்கைக் கதிர்வீச்சுக்கு நடுவே வாழும் குமரிக் கடலோரத்துக்கு இது மிக அவசியம். இதே மணல் உள்ள கேரளத்தின் கொல்லம் கடற்கரைப் பகுதியில் 1995 முதல் 1,40,000-க்கும் அதிகமான பிறப்புகளைப் பதிந்து பார்த்த பிறகுதான், கதிர்வீச்சால் குறைபாடுகள் கூடியதாகத் தெரியவில்லை என்று ஆய்வாளர்களால் சொல்ல முடிந்தது. நம் ஊரில் அச்சமும் ஊகமும்தான் உலவுகின்றன.

என் தங்கை மகன் உதட்டுப் பிளவுடன் பிறந்தான். பால் உறிஞ்ச முடியாமல் திணறியவனுக்குப் பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினோம். தனியார் மருத்துவமனை தந்த சீட்டில் அது ஒற்றை வரி. அதன் பிறகு யாரும் வந்து கேட்கவில்லை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் குழந்தைகளின் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இயங்குகின்றன. தனியார் மருத்துவமனைகளும் ஸ்கேன் மையங்களும் ஒவ்வொரு குறைபாட்டையும் அம்மையத்துக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கி, பதிவேட்டைக் குமரி மாவட்டத்திலிருந்தே அரசு தொடங்கலாம்.

– ஒரு வாசகி, குளச்சல்