புதுப்பேட்டைப் பெரியவருக்கு நன்றி

அப்பாவின் பிரீமியர் பத்மினி கார் 11 ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடந்தது. 1089 சிசி இன்ஜின் துருவேறி இறுகிவிட்டது. இறுகிய பிஸ்டனைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிடுவது என்ற முடிவோடுதான், வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னைப் புதுப்பேட்டைக்கு கேஸ்கெட் (இன்ஜின் இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு) வாங்கப் போனேன். கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், என் திட்டத்தைக் கேட்டதும், "தட்டாதே தம்பி, பிஸ்டன் உடைந்துவிடும்" என்றார்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பவர் ஸ்டீயரிங் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து நான்கு சிலிண்டர்களிலும் ஊற்றி ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார். பிறகு இன்ஜினைக் கையால் சுழற்ற உதவும் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு, முன்னும் பின்னுமாக, இம்மி இம்மியாக அசைக்கச் சொன்னார்.

ஒன்பதாம் நாள் 'கிறீச்' என்றொரு சத்தம். ஸ்பானர் விரற்கடை அளவு நகர்ந்தது! பிளக் துளையிலிருந்து செம்பழுப்புக் குழம்பு கொப்பளித்து என் வேட்டியைப் பாழாக்கியது, போகட்டும்.

ஐயா, அன்று உங்கள் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. கேஸ்கெட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டுத் திரும்பினால் நீங்கள் இல்லை. மிக்க நன்றி. உங்களுக்கு ஒரு டீ கடன்பட்டிருக்கிறேன்.