மினிக்காய் போய் வந்தோம்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மாவும் நானும் லட்சத்தீவில் மினிக்காய் தீவுக்குப் போய்விட்டு வந்தோம். கொச்சியிலிருந்து கப்பல். செலவு அக்காவுடையது. ஐந்து நாள் பயணத்தில் மினிக்காய்க்கு ஒரே ஒரு பகல்தான், சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான். ஆனாலும் கப்பல் கதவிலிருந்து ஆடுகிற படகில் கால் வைக்கும்போது தொடை நடுங்கியது. அம்மா சர்வசாதாரணமாக இறங்கினாள். கைபிடித்து இறக்கிவிட்ட பையனுக்கு உன் வயதுதான் இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கப்பல் வேலைக்கான சி.டி.சி. புத்தகத்தை எந்த ஏஜென்ட் கையிலும் கொடுத்துவைக்காதே.

முதலில் லகூனில் கண்ணாடி அடிப் படகு. வெளியே அலை அடித்து நொறுங்குகிறது, பவளப்பாறைக்கு உள்ளே தண்ணீர் குளம் மாதிரி கிடக்கிறது. சில இடத்தில் பவளம் எலும்பு மாதிரி வெளுத்திருந்தது. தண்ணீர் சூடாகிப்போனால் அதற்குள் வாழ்கிற பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிடுமாம். சோறு போடுவதே அந்தப் பாசிதான். 1998-இல் நிறைய போனதாம். வெளுத்த உடனே செத்துவிடாது, சூடு சீக்கிரம் தணிந்தால் தேறிவிடும் என்றார் படகுக்காரர். நம் ஊரில் இதையே சுண்ணாம்புக்கு வெட்டி வெட்டி, விலாங்குசல்லித் தீவே தண்ணீருக்குள் போனது. அம்மா கரையில் ஒரு துண்டைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். எடுப்பது குற்றம் என்று சொல்லிக் கீழே போடவைத்தேன். கப்பல் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

மத்தியானம் ஒரு வீட்டில் மாசிக் கருவாடு வாங்கினோம். சூரை மீனைத் தூண்டில் கம்பால் பிடித்து, அவித்து, புகைபோட்டு, காயவைக்கிறார்கள். கட்டை மாதிரி இருக்கிறது. அந்த வீட்டம்மாவின் பையனும் கப்பலில்தான். அங்கே வீட்டுக்கு ஒருவர் கப்பல்காரர் போல. எங்களுக்கும் ஒருவன் இருக்கிறான் என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். எந்தக் கப்பல் என்று அவர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் மாசிக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

போன தடவை நீ பேசியபோது பின்னால் ஆட்டோ ஹாரன் கேட்டது என்கிறாள். அவளுக்குக் காது முன்னைப்போல இல்லை.

கலங்கரை விளக்கத்துக்கு நான் மட்டும் ஏறினேன். சுற்றிச் சுற்றிப் படி. நூறு வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். 1885-இல் வெள்ளைக்காரன் கட்டியது. சூயஸ் திறந்து 16 வருஷம், கப்பலெல்லாம் இந்த வழியாகத்தானே வரும். ஒன்பது டிகிரி, எட்டு டிகிரிக் கடல்வழிகள் எல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே காற்று ஆளைத் தள்ளுகிறது. ஒரு பக்கம் வெளிர்பச்சை, ஒரு பக்கம் கருநீலம், நடுவில் பிறை மாதிரி தென்னந்தோப்பு. தூரத்தில் ஒரு கப்பல் போனது. கன்டெய்னரா டேங்கரா என்றுகூடத் தெரியவில்லை. அது மறைகிற வரைக்கும் நின்றேன்.

கீழே விரிங்கிலி என்று ஆளில்லாத குட்டித் தீவு தெரிந்தது. முன்காலத்தில் தொழுநோய் வந்தவர்களை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். இங்கிருந்து பார்த்தால் கூப்பிடு தூரம்தான்.

முதல் கப்பலில் இரண்டாவது மாதம் நீ போன் பண்ணி அழுதாய். "இறங்கிடுறேன்ப்பா" என்றாய். கடனை யார் அடைப்பது, ஆம்பளைப் பையன் அழலாமா என்று கேட்டு நான் போனை வைத்துவிட்டேன். உள்ளே போய் அம்மாவிடம், சின்னவன் நல்லா இருக்கான் என்றேன். இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நீ அழவே இல்லை. எதுவும் சொல்லவும் இல்லை.

இன்னொன்று. அந்தக் கடன் போன ஐப்பசியிலேயே முடிந்துவிட்டது. என் பணத்தில் அடைத்தேன். சொன்னால் வேலையை விட்டுவிடுவாயோ என்று சொல்லவில்லை. போன மாசம் நீ அனுப்பிய பணமும் உன் பேரில்தான் கிடக்கிறது. அதை எங்கே கைமாற்று வாங்கி அனுப்பினாயோ, தெரியவில்லை.

சி.டி.சி. உன் கையில்தானே இருக்கிறது? இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மாசியில் பாதியை அக்காவுக்குக் கொடுத்தாயிற்று. மீதி ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. நீ வந்துதான் சம்பல் அரைக்க வேண்டும் என்று அம்மா அதைத் திறக்கவிடமாட்டேன் என்கிறாள்.

அப்பா