பூட்டுக்கு வருஷ வாடகையா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் கீழமாசி வீதி மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர், டவுன்ஹால் ரோட்டில் இருக்கும் நம் கடைக்கு வந்தார். பாஸ்வேர்டுகளையெல்லாம் ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் மென்பொருளான பாஸ்வேர்ட் மேனேஜரின் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி அவருக்கு மெயில் வந்திருந்தது. "பூட்டு ஒரு தடவைதானப்பா வாங்குவோம்? வருஷா வருஷம் வாடகையா?" என்றார். உங்களில் பலர் போனிலும் இதையே கேட்டதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

கணக்கு எழுத டாலி மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். லைசென்ஸ் ஒருமுறை வாங்கியது. டி.எஸ்.எஸ். என்ற சேவைச் சந்தா மட்டும் வருஷா வருஷம். கட்டாவிட்டாலும் பில் போடலாம், புதுப் பதிப்புகளும் ஆன்லைன் வசதிகளும்தான் வராது. பாஸ்வேர்ட் மேனேஜர்களிலும் இப்படி ஒருமுறை வாங்கும் பழக்கம் இருந்தது. ஒன்பாஸ்வேர்ட் என்ற மேனேஜருக்கு 7ஆம் பதிப்பு வரை தனி லைசென்ஸ் உண்டு. 8ஆம் பதிப்பு முதல் சந்தா மட்டும்தான் என்று 2021இல் அறிவித்துவிட்டார்கள்.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. குரோமும் ஆண்ட்ராய்டும் அடிக்கடி மாறுகின்றன. வங்கித் தளம் லாகின் பக்கத்தை மாற்றினால், பாஸ்வேர்டைத் தானாக நிரப்புவது தடுமாறும். போனையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் சர்வருக்குத் தினமும் செலவு. 'வாழ்நாள் லைசென்ஸ்' என்று விற்பவர்களுக்கும் இதே செலவுதான். அங்கே வாழ்நாள் என்பது அந்த மென்பொருளின் ஆயுள், உங்களுடையது இல்லை. அதற்காகச் சந்தா விற்பவர்களை அப்படியே நம்பிவிடவும் முடியாது. லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு மேனேஜர் 2021 மார்ச்சில், இலவசக் கணக்கென்றால் கம்ப்யூட்டர் அல்லது போன், இரண்டில் ஒன்றுதான் என்று மாற்றியது.

சரி, எதை வாங்குவது? ஒரே ஆள், ஒரே கம்ப்யூட்டர் என்றால் கீபாஸ் என்ற இலவச மேனேஜர் போதும். 2003 முதல் இருக்கிறது, காசே இல்லை. பாஸ்வேர்டுகள் எல்லாம் பூட்டிய ஒரே கோப்பாக உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். ஆனால் ஹார்ட் டிஸ்க் போனால் கோப்பும் போச்சு. பென்டிரைவில் நகல் எடுப்பது உங்கள் பொறுப்பு. அந்த வேலைக்கு ஆள் இல்லாத வீட்டில் கீபாஸை நாங்கள் போட்டுத் தருவதில்லை. போனிலும் வேண்டுமென்றால் பிட்வார்டன் என்ற மேனேஜரின் இலவசக் கணக்கையே முதலில் பாருங்கள்.

நான்கைந்து பேர் ஜி.எஸ்.டி., இ-வே பில், வங்கிக் கணக்கு என்று பங்கிட்டு வேலை பார்க்கும் கடைக்குச் சந்தாதான் நல்லது. ஆள் வேலையை விட்டு நின்றால் கணக்கிலிருந்து அவரை உடனே நீக்கிவிடலாம். அவர் பார்த்த பாஸ்வேர்டுகளை அப்புறம் மாற்றவும் வேண்டும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். (சந்தா விற்றால் எங்களுக்குக் கமிஷன் உண்டு, கீபாஸில் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.)

பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: கட்டுவதை நிறுத்தினால் என் பாஸ்வேர்டுகள் என்ன ஆகும்? ஒன்பாஸ்வேர்டில் கணக்கு உறைந்துவிடும். பார்க்கலாம், வெளியே எடுக்கலாம், புதிதாகச் சேர்க்க முடியாது. இப்படிப் பதில் தெளிவாக இருந்தால் வாங்கலாம். வெளியே எடுக்கும் சி.எஸ்.வி. என்ற பட்டியல் கோப்பில் பூட்டே கிடையாது, எல்லாமே வெட்டவெளிச்சமாக இருக்கும். புது இடத்தில் ஏற்றியவுடன் அழித்துவிடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

அண்ணாச்சி இரண்டு மகன்களோடும் கணக்குப்பிள்ளையோடும் சேர்ந்து கடை நடத்துகிறார். முணுமுணுத்துக்கொண்டே சந்தாவைக் கட்டினார். உங்களுக்கு எது தோது என்று பார்க்க லேப்டாப்போடு கடைக்கு வாருங்கள். மேனேஜரையே திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டை மட்டும் எங்களிடம் சொல்லவேண்டாம். நாங்கள் திரும்பி நின்றுகொள்கிறோம், நீங்களே தட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டவுன்ஹால் ரோடு கம்ப்யூட்டர் கடை, மதுரை